ஜூன் மாசத்து ஊசிவால் வாத்து

வாரம் முழுக்க கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட்டு, ஞாயிறானா பழவேற்காடு, கேமரா. படங்களைத் தேதிவாரியா அடுக்க, எக்ஸிஃப் தகவலைப் படிக்கிற நிரல் ஒண்ணு பைத்தான் பில்லோவுல எழுதினேன். ஜனவரியில எடுத்த ஊசிவால் வாத்து ஜூன்ல போய் உக்காந்துடுச்சு! குளிருக்கு மட்டும் வர்ற வாத்துங்க அது. நல்லவேளை, இ-பேர்ட்ல ஏத்தலை... மானம் போயிருக்கும்.

பில்லோ மேல தப்பில்லை மக்களே. நான் படிச்சது 306, கோப்பை மாத்தின தேதி. படம் வெட்டிச் சேமிச்சது ஜூன்ல. எடுத்த நேரம் 36867-ல, உள்ளடுக்குல இருக்கு; தனியாக் கேக்கணும்.

இருந்தாலும் என் ஓட்டு எக்ஸிஃப்டூலுக்குத்தான். பில் ஹார்வி 2003-ல பெர்ல்ல ஆரம்பிச்சது. ரெண்டு தேதியையும் பேரோட பக்கத்துல பக்கத்துல காட்டிடும், கம்பெனிக்காரன் மேக்கர்நோட்ல ஒளிச்சு வெச்சதையும் சேத்து. ஒவ்வொரு படமாக் கூப்பிட்டா ஆமைதான் (பெர்ல் ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வரணுமே!), ஃபோல்டரையே மொத்தமாக் குடுங்க.