ஒரே ஆப்பை எதற்கு இரண்டு முறை எழுதணும்?

ஒரு ஆப் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் நேட்டிவாக ஓட வேண்டுமென்றால், பொதுவாக இரண்டு முறை எழுத வேண்டும். அங்கே கோட்லின், இங்கே ஸ்விஃப்ட். கேமராவோ நோட்டிஃபிகேஷனோ, அந்தந்த நிறுவனம் வகுத்த ஏபிஐ வழியாகத்தான் போகணும்.

இதற்கு மாற்று, எல்லா பிரவுசருக்கும் பொதுவான வெப் தரநிலைகள். 2007-ல் ஐபோன் வந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் டெவலப்பர்களுக்குக் காட்டிய வழியும் இதுதான். 2008-ல் ஆப் ஸ்டோர் திறந்ததும் காட்சி மாறியது. 2012-ல் ஃபேஸ்புக்கும் வேகம் போதவில்லை என்று எச்டிஎம்எல்5-ஐ விட்டு நேட்டிவுக்குத் தாவியது.

அன்றைக்கு அது சரி. இன்றைக்கு பிரவுசர்கள் வேகமாகிவிட்டன. ஆனாலும் ஆண்ட்ராய்டு குரோமில் 2015-லேயே வந்த வெப் புஷ் நோட்டிஃபிகேஷன், ஐபோனுக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது; அதுவும் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் மட்டும். ஏன் இத்தனை தாமதம்? ஸ்டோர் வழியாக டிஜிட்டல் சரக்கு விற்றால் கமிஷன் உண்டு, வெப்பில் விற்றால் இல்லை. இந்தக் கணக்கை மறந்துவிட்டுப் பேச முடியாது.

கனமான கேம், வீடியோ எடிட்டிங் என்றால் நேட்டிவ் தேவைதான். பில் கட்டவும் படிவம் நிரப்பவும் வெப்பே போதும். குறைந்தபட்சம் அரசுத் துறைகளாவது, புது ஆப் வெளியிடும் முன் இதை யோசிக்கணும். கையில் எந்த போன் இருந்தாலும் சேவை கிடைக்கணும், அவ்வளவுதானே!