கூட்டம் கூடினால் கல்லா நிறையுமா?



தெருவில் ஜன நடமாட்டம் பெருகினால் கடையில் வியாபாரம் பெருகும் என்பது நம் தொழிலில் பாலபாடம். அந்தப் பாடத்தில் பாதிதான் உண்மை என்பது எங்கள் கருத்து. மறுபாதியைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தென் கொரியத் தலைநகர் சியோலின் பழைய வட்டாரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். வியாபாரிகள் சிலர் ஒன்று சேர்ந்து அங்கே போய்வந்தோம். உல்லாசப் பயணிகள் வீடுகளையும் கூரைகளையும் பார்த்தார்கள். நாங்கள் கடைகளையும் விலைச்சீட்டுகளையும் பார்த்தோம்.

சியோலில் கியோங்போக்குங், சாங்தொக்குங் என்று இரண்டு பழைய அரண்மனைகள் உள்ளன. முதலாவது 1395-லும் இரண்டாவது 1405-லும் எழுந்தவை. இரண்டுக்கும் நடுவே மேட்டுப் பாங்கான இடத்தில் புக்சோன் என்ற குடியிருப்பு இருக்கிறது. வடக்கு ஊர் என்று அதற்குப் பொருள். அதன் தெற்கே இன்சாதோங் கடைத்தெருவும், அதையடுத்து இக்சொன்தோங் என்ற சந்துகள் நிறைந்த பகுதியும் உள்ளன. மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

இங்குள்ள பழைய பாணி வீடுகளுக்கு ஹானோக் என்று பெயர். மரத் தூண்கள், மண் சுவர்கள், வளைந்த கருநிற ஓடுகள், நடுவில் முற்றம். கடுங்குளிர் நாடு என்பதால் தரையையே சூடாக்கும் முறையை முன்னோர் கண்டிருக்கிறார்கள். அடுப்பின் வெப்பம் தரைக் கற்களுக்கு அடியில் ஓடி அறை முழுவதையும் கதகதப்பாக்கும். இதை ஒண்டோல் என்கிறார்கள். இப்போது அதே வேலையைச் சுடுநீர்க் குழாய்கள் செய்கின்றன. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

புக்சோனில் இன்று நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை அரசர் காலத்தவை அல்ல. 1930-களை ஒட்டிக் கட்டப்பட்டவை. ஜியோங் செ-க்வொன் என்ற கட்டட வியாபாரி, பிரபுக்களின் பெரிய மனைகளை வாங்கிச் சிறு மனைகளாகப் பிரித்து, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற சிறிய ஹானோக்குகளைக் கட்டி விற்றார். தவணையிலும் கொடுத்தார். அப்போது கொரியா ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. கொரிய மொழிக்கு அகராதி தொகுத்த சங்கத்துக்கு அவர் கட்டடம் கொடுத்து உதவினார். 1942-ல் அந்தச் சங்கத்தார் மீது ஜப்பானிய அரசு நடவடிக்கை எடுத்தபோது அவரும் பிடிபட்டார், நிலத்தையும் இழந்தார். இன்று உலகமே வந்து படம் பிடிக்கும் வட்டாரத்தில் பெரும் பங்கு ஒரு வியாபாரியின் கணக்கிலிருந்து பிறந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இன்சாதோங்கின் கதையிலும் வியாபாரம்தான் அடிப்படை. ஜப்பானிய ஆட்சியில் நொடித்துப்போன பழைய குடும்பங்கள் வீட்டுப் பொருள்களை விற்கத் தொடங்கின. அவற்றை வாங்கி விற்கும் பழம்பொருள் கடைகள் இங்கே வந்தன. பின்னர் ஓவியக் கூடங்கள், தூரிகையும் மையும் விற்கும் கடைகள், மரப்பட்டைக் கூழிலிருந்து செய்யும் ஹஞ்சி என்ற கைக்காகிதக் கடைகள், தேநீர்க் கடைகள், அரிசிப் பலகாரக் கடைகள் என்று தெரு வளர்ந்தது.

உணவகத்தில் நம் மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சோறும் ஒரு குழம்பும் கேட்டால் கூடவே நாலைந்து கிண்ணங்களில் ஊறுகாய் போன்ற கிம்ச்சியும் கீரையும் மற்ற தொடுகறிகளும் வருகின்றன. பெரும்பாலும் தனிக் காசு இல்லை. தீர்ந்தால் மறுபடியும் கொடுக்கிறார்கள். விலைப்பட்டியலில் உள்ள தொகையிலேயே 10 சதவீத வரி அடக்கம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. இரண்டாவது இன்னும் முக்கியம். அரிசி எந்த நாட்டுச் சரக்கு, கிம்ச்சி எந்த நாட்டுச் சரக்கு, இறைச்சி எந்த நாட்டுச் சரக்கு என்று உணவகத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். சீனத்துக் கிம்ச்சி போடுகிறவர் சீனத்துக் கிம்ச்சி என்றே எழுதுகிறார். அதனால் அவர் கடைக்கு ஆள் வராமல் போகவில்லை. உண்மையைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மறுபாதிக்கு வருவோம்.

புக்சோனில் வசிப்பவர்கள் சுமார் 6,000 பேர். பார்க்க வருகிறவர்களோ ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேல். காலையிலிருந்தே ஜன்னலுக்கு வெளியே பேச்சுச் சத்தம், வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பவர்கள், தெருவில் குப்பை. பொறுத்துப் பார்த்த மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2024 ஜூலையில் ஜோங்னோ வட்டார நிர்வாகம் புக்சோனைத் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தது. நெரிசல் மிகுந்த பகுதியில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே சுற்றிப் பார்க்கலாம். மீறினால் 1 லட்சம் வோன் அபராதம். 2025 மார்ச் முதல் வசூலிக்கிறார்கள். குடியிருப்போருக்கும் அவர்கள் வீட்டு விருந்தாளிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் இந்தத் தடை இல்லை.

மளிகை வியாபாரியின் கண்ணோடு இதைப் பாருங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் அரிசி வாங்குவதில்லை, எண்ணெய் வாங்குவதில்லை, மாதச் சாமான் சீட்டுக் கொடுப்பதில்லை. ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தால் பற்றுவரவு நோட்டில் ஒரு பக்கம் போயிற்று. நூறு குடும்பம் போனால் கடையே போயிற்று. அதே இடத்தில் காப்பிக் கடையும், வாடகைக்குப் பட்டாடை உடுத்திவிடும் கடையும் வரும். தெருவில் ஈ மொய்ப்பதுபோல் கூட்டம் இருக்கும். வாடிக்கை என்று சொல்ல ஒருவர் இருக்க மாட்டார்.

அடுத்தது வாடகை. தெரு பிரபலமானால் முதலில் ஏறுவது விற்பனை அல்ல, வாடகைதான். அரண்மனைக்கு மேற்கே சோச்சோன் என்ற இதே போன்ற பழைய பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு சிறு உணவகம் இருந்த கட்டடம் கைமாறியது. மாதம் சுமார் 30 லட்சம் வோனாக இருந்த வாடகையை 1 கோடியே 20 லட்சம் வோனாகக் கேட்டார் புதிய உரிமையாளர். அன்றைய சட்டத்தில் கடைக்காரருக்கு ஐந்து ஆண்டுப் பாதுகாப்புதான் இருந்தது; அது முடிந்துவிட்டது. வழக்கில் தோற்றார், காலி செய்ய வைக்க ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 2018 ஜூனில் அவர் ஆத்திரத்தில் உரிமையாளரைச் சுத்தியலால் தாக்கிச் சிறைக்குப் போனார். அடிதடியை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கடை வாடகைதாரர் தவறாமல் வாடகை கட்டினால் மொத்தம் பத்து ஆண்டுகள் வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கோரலாம். குறிப்பிட்ட தொகை வரம்புக்குள் உள்ள கடைகளுக்கு ஒரு தடவையில் 5 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றக் கூடாது. நாம் பகடி என்கிறோமே, அதுபோல் புதிதாக வருகிற கடைக்காரர் பழையவருக்குக் கொடுக்கும் பணம் அங்கும் உண்டு. அதைக் கட்டட உரிமையாளர் கெடுக்கக் கூடாது என்று 2015-லேயே விதி வந்துவிட்டது.

இன்சாதோங் வியாபாரிகளுக்கு இன்னொரு வழியும் கிடைத்தது. 1999-ல் அங்கே சிறு கடைகள் இருந்த மனை ஒன்று பெரிய கட்டடத்துக்காகக் கைமாறியபோது, சிறு கடைகளைக் காப்போம் என்று பொதுமக்கள் கூடி இயக்கம் நடத்தினார்கள். 2001-ல் ஸ்டார்பக்ஸ் அங்கே கடை திறந்தபோது பெயர்ப்பலகையைக் கொரிய எழுத்தில் எழுத வேண்டியதாயிற்று. 2002-ல் இன்சாதோங் பண்பாட்டு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழம்பொருள், படச்சட்டம், தூரிகை, ஓவியம், கைவினை ஆகிய ஐந்து தொழில்களுக்கு ஊக்கம். தெருவுக்குப் பொருந்தாத தொழில்களுக்குத் தடை. 2004-ல் சம்ஜிகில் என்ற வளாகம் எழுந்தது. சுமார் 70 சிறு கடைகள் சரிவான நடைபாதையின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன.

இத்தனைக்கும் பிறகு குறை இல்லை என்று சொல்ல மாட்டோம். வெளிநாட்டிலிருந்து வந்த மலிவுச் சரக்கு நாட்டுக் கைவினை என்ற பெயரில் விற்கப்படுவதாக அந்த ஊர்க்காரர்களே நெடுங்காலமாகக் குறைப்படுகிறார்கள். இக்சொன்தோங்கில் இடித்துக் கட்டும் திட்டம் 2014-ல் கைவிடப்பட்டு, 2018-ல் ஹானோக் பாதுகாப்புப் பகுதி என்ற தகுதி வந்தது. பெரிய சங்கிலித் தொடர்க் கடைகளுக்குக் கட்டுப்பாடும் வைத்தார்கள். வீடுகள் பிழைத்தன. ஆனால் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த பழைய ஆட்கள் பலர் இப்போது அங்கே இல்லை.

கட்டட உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. நம் சங்கத்திலேயே கடையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் பலர். வரி கட்டுவதும் ஓடு மாற்றுவதும் அவர்கள்தாம். ஊர் உயரும்போது தமக்கும் பங்கு வேண்டும் என்று கேட்பது தவறல்ல. ஆனால் ஒரு தெருவுக்குப் பெயர் வந்தது சுவரால் மட்டுமல்ல. இருபது, முப்பது வருஷம் காலையில் கதவைத் திறந்து, நல்ல சரக்கைச் சரியான எடையில் கொடுத்தவர்களாலும் வந்தது. அவர்களை ஒரே நோட்டீஸில் வெளியேற்றினால் தெருவின் பெயரும் அவர்களோடு போய்விடும். பிறகு அந்த உயர்ந்த வாடகையைக் கொடுக்கவும் ஆள் இருக்காது. படிப்படியாக ஏறும் வாடகைதான் இரு தரப்புக்கும் நீடித்த லாபம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? கோயில் வீதியானாலும் பழைய பஜாரானாலும், தெருவை அழகுபடுத்தப் போகிறோம், உல்லாசப் பயணிகளை வரவழைக்கப் போகிறோம் என்று பேச்சு எழும் அன்றே அங்குள்ள வியாபாரிகள் கூட வேண்டும். வாடகை ஏறிய பிறகு கூடிப் பயனில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் கடை நடத்துபவர்கள் உடனே எழுதிக்கொள்ளட்டும். எத்தனை ஆண்டு, எத்தனை சதவீத ஏற்றம் என்பதையும் அதில் சேர்க்கட்டும். நகராட்சியிடம் விளக்குக் கம்பமும் நடைபாதையும் கேட்கும்போதே, குடியிருப்பவர்கள் தங்குவதற்கு வழியும், அன்றாடச் சாமான் கடைகளுக்கு இடமும் கேட்க வேண்டும். நம் பங்குக்கு, சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை மூட்டையின் மேல் எழுதி வைப்போம்.

கூட்டத்தை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர்களை வரவேற்போம். ஆனால் அடுத்த மாதமும் சீட்டோடு வரப்போகிற பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம். அவர் இருக்கும் வரைதான் நமக்கு அது கடைத்தெரு.