கிளட்ச் மிதிக்காத ஜீப்: இலாபமா, நட்டமா?

பழைய ஜீப் வண்டி வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால் இப்போது அவர்களது பேச்சு பெரும்பாலும் ஓரிடத்தில்தான் வந்து நிற்கிறது. "மெனுவல் கியரைக் கழற்றிவிட்டு ஓட்டோ கியர் போட்டால் என்ன?" என்பதே அந்தப் பேச்சு. சிலர் வசதிக்காகக் கேட்கிறார்கள். சிலர் விற்கும்போது நல்ல விலை வரும் என்று நம்பிக் கேட்கிறார்கள். இன்னும் சிலருக்கு உடம்பு இடம் கொடுப்பதில்லை.

இந்தக் கேள்வி இவ்வளவு பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச் மாதம் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்களின் பின்னர், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. திறந்த வழியில் வரியும் சேர்ந்தே வந்ததால் நான்கு சக்கர இழுவை கொண்ட ஒரு புதிய வாகனம் நடுத்தர வருமானக்காரருக்கு எட்டாத கனியாகவே இருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் பழையதைப் புதுக்கிப் பாவிப்பதே பலருக்கும் உள்ள ஒரே தெரிவு. அந்தத் தெரிவில் பணம் எங்கே நியாயமாகச் செலவாகிறது, எங்கே வீணாகிறது என்பதை வாசகர்கள் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நான் தெரிந்துகொண்டது சொந்தக் குடும்பத்துப் பணம் செலவான பிறகுதான்.

அம்பாறை மாவட்டத்தில் வயல் செய்யும் என் சாச்சாவிடம் ஒரு லேன்ட் ரோவர் டிஃபென்டர் 110 இருக்கிறது. 300 ரி.டி.ஐ. என்ற இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சின். விதை நெல், உரம், இயந்திரம் எல்லாம் அதில்தான் போகும். கண்டிக்கு வருவதும் அதில்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவருடைய இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் ஜீப்பை விற்றுவிடுங்கள் என்றோம். "வித்துப்போட்டு வயலுக்கு நான் எதில மகன் போற?" என்று ஒரே கேள்வியில் எங்கள் வாயை அடைத்துவிட்டார். சாரதி ஒருவரை வைக்கலாம் என்றோம். அதற்கும் அவர் இசையவில்லை. விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போகும் மனிதருக்கு எந்தச் சாரதி காத்திருப்பான்?

ஓட்டோ கியர் யோசனை அப்படித்தான் வந்தது. அது வெறும் ஆசையும் அல்ல. 1994 முதல் 1998 வரை அதே கம்பனி தயாரித்த டிஸ்கவரி வாகனத்தில் இதே 300 ரி.டி.ஐ. எஞ்சினுடன் ஸெட்.எஃப். என்ற ஜேர்மன் கம்பனியின் நான்கு கியர் ஓட்டோ பெட்டி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. ஒரே எஞ்சின், ஒரே குடும்பத்து வாகனம், தயாரித்தவனே சோதித்துப் பார்த்த சோடி. கியர் மாற்ற நினைக்கும் எவரும் முதலில் தேட வேண்டியது இப்படியான சோடியைத்தான். எஞ்சின் ஒரு கம்பனி, கியர் பெட்டி இன்னொரு கம்பனி என்று கலந்தால் இடையில் பொருத்தும் தகட்டிலிருந்து எல்லாவற்றையும் லேத்தில் கடைந்தே எடுக்க வேண்டும். அங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் வில்லங்கம்தான்.

சோடி சரியாக இருந்தும் நாங்கள் பட்டோம். முதலில் வேலையை ஏற்ற கராஜ்காரர் இரண்டு கிழமையில் முடித்துத் தருவதாகச் சொன்னார். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஓட்டோ பெட்டியை மட்டும் ஒரு கடையில் வாங்கினோம். அதன் பிறகுதான் இல்லாதவை ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஃப்ளைவீலுக்குப் பதிலாக வரும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட் இல்லை. எரிபொருள் பம்பிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கிக்டவுன் கேபிள் இல்லை. கியர் லீவரும் அதன் இணைப்பும் இல்லை. 'பி', 'என்' இரண்டில் மட்டும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடும் சுவிட்ச் இல்லை. கியர் பெட்டியைத் தாங்கும் மவுன்டிங்கும் வேறு. புரொபெலர் ஷாஃப்ட் இரண்டையும் அளந்து பார்த்துச் சரிப்படுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேடல், ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு விலை. இரண்டு கிழமை ஐந்து மாதமானது. ஒரு போகம் முழுவதும் சாச்சா வாடகை வாகனத்தில் போய் வந்தார். அந்த வாடகையை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒருவழியாக ஜீப் ஓடியது. மூன்றாவது கிழமையில் கியர் எண்ணெயைப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டியது கபில நிறமாகிக் கருகிய வாடை அடித்தது. காரணம் எளிது. மெனுவல் வாகனத்தின் ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் பகுதி இல்லை. கராஜில் அதை மாற்றவும் இல்லை, தனியாக ஒரு கூலர் போடவும் இல்லை. ஓட்டோ கியரில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் தட்டு கிடையாது. டோர்க் கன்வேட்டர் என்ற எண்ணெய் நிரம்பிய உருளைதான் வலுவைக் கடத்துகிறது. அந்த எண்ணெய் வழுக்கும் ஒவ்வொரு தடவையும் வலுவின் ஒரு பங்கு சூடாக மாறுகிறது. தார் வீதியில் அது கொஞ்சம். சேற்றிலும் மணலிலும் ஏற்றத்திலும் மெதுவாக இழுக்கும்போது அது மிக அதிகம். சமதரைக் காருக்கு கூலர் முக்கியம் என்றால் ஜீப்புக்கு அது உயிர். முதல் பெட்டி போனது. இரண்டாவது பெட்டி வாங்கினோம்.

வேறொரு கராஜில் வேலை ஒழுங்காக முடிந்த பின்னர் கணக்குப் பார்த்தேன். இரண்டாவது பெட்டியின் விலையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், மொத்தச் செலவில் கியர் பெட்டியின் விலை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் முதல் நாள் நாங்கள் பேரம் பேசியதெல்லாம் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றி மட்டுமே!

பணத்தை விடப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. கண்டி - மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு தெரியாத கிழக்கு மாகாணத்தவர் இல்லை. ஓட்டோ கியர் போட்ட ஜீப்பில் சாச்சா முதன்முதல் அந்த வளைவுகளில் இறங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். லீவர் 'டி'யில் இருந்தது. பாதி இறங்குவதற்குள் பிரேக் கருகும் மணம் வந்துவிட்டது. ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் மிச்சத்தை இறங்கினோம். முப்பது வருடம் அதே வீதியில் அதே ஜீப்பை ஓட்டியவர் அவர். மாறியது கியர் மட்டும்தான்.

இதைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். டிஃபென்டரின் மெனுவல் பெட்டியில் முதலாம் கியரின் விகிதம் 3.69. ஸெட்.எஃப். ஓட்டோ பெட்டியில் அது 2.48 மட்டுமே. லோ கியரில் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் 3.32, டிஃபரன்ஷியல் 3.54. எல்லாவற்றையும் பெருக்கினால் மெனுவலில் எஞ்சின் ஏறத்தாழ 43 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று. ஓட்டோவில் 29 சுற்றுக்கே சக்கரம் ஒரு சுற்று. ஏற்றத்தில் இந்தக் குறை தெரியாது. வாகனம் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது டோர்க் கன்வேட்டர் எஞ்சினின் இழுவையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக் கொடுத்துவிடும். அதனால் ஓட்டோ ஜீப் மெனுவலை விடச் சுலபமாக ஏறும். இறக்கத்தில் அந்த இரு மடங்கு கிடையாது. எஞ்சின் வாகனத்தைப் பிடித்து வைக்கும் பலம் மெனுவலில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் பிரேக்கின் தலையில் விழுகிறது. ஆகவே ஓட்டோ போட்டவர் இறக்கம் தொடங்கும் முன்னரே லீவரை 2க்கோ 1க்கோ இழுக்கப் பழக வேண்டும். செங்குத்தான காட்டுப் பாதை என்றால் லோ கியர் போட்டே இறங்க வேண்டும். பிரேக் பழையதென்றால் கியருக்கு முன்னர் பிரேக்கைச் செய்ய வேண்டும். இந்த ஒரு வசனத்தையேனும் அந்தக் கராஜில் ஒருவர் சொல்லித் தந்திருந்தால் அன்று நாங்கள் பயந்திருக்க மாட்டோம்.

"ஜீப் என்றால் மெனுவல்தான், ஓட்டோ எல்லாம் கொழும்புக் காருக்கு" என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அது சரியான வாதம் அல்ல. ரேஞ்ச் ரோவருக்கு 1982 இலேயே ஓட்டோ கியர் வந்துவிட்டது. 2016 ஜனவரியில் பழைய டிஃபென்டரின் தயாரிப்பு நின்றது. 2019 இல் அறிமுகமான புதிய டிஃபென்டர் ஓட்டோவில் மட்டுமே வருகிறது. அவுஸ்திரேலியாவில் டொயோட்டா லேன்ட் குருஸர் 70 வரிசையின் வீ8 டீசல் 2007 முதல் மெனுவலில் மட்டுமே விற்கப்பட்டது. அங்குள்ளவர்கள் பெருஞ்செலவில் வெளியே கொடுத்து ஓட்டோ போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 2023 இல் கம்பனியே 2.8 லீற்றர் எஞ்சினுடன் ஆறு கியர் ஓட்டோவைக் கொடுத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய டிஃபென்டரில் இருப்பது எட்டுக் கியர். அதன் முதலாம் கியர் விகிதம் பழைய நான்கு கியர் பெட்டியினதை விட மிக அதிகம். இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு வசதியும் உண்டு. முப்பது வருடப் பழைய நான்கு கியர் பெட்டியைப் போட்டுவிட்டு "புது டிஃபென்டரும் ஓட்டோதானே" என்று சொல்வது பொருந்தாது.

அப்படியானால் யாருக்கு இது தகும்? காலில் வருத்தம் உள்ளவருக்குத் தகும். மணலிலும் சேற்றிலும் அடிக்கடி ஓட்டுபவருக்கு, அல்லது வேறு வேறு சாரதிகளின் கையில் வாகனத்தைக் கொடுத்து மாதாமாதம் கிளட்ச் பிளேட்டுக்கு அழுபவருக்கு, கணக்குப் பார்த்தால் தகலாம். விற்பனை விலை கூடும் என்று நம்பிச் செய்பவருக்குத் தகாது. மாற்றப்பட்ட வாகனத்தைக் கண்டால் வாங்குபவர் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். டீசலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். பெற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. வயல் நடுவில் நின்றுவிட்டால் இழுத்துவரும் முன் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸை நியூட்ரலில் போட மறக்கக் கூடாது. வெளியூர்களில் ஓட்டோ பெட்டி திறக்கத் தெரிந்த பாஸ்மாரும் குறைவு.

செய்வதென்று தீர்மானித்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். ஒரே வாகனத்திலிருந்து கழற்றிய முழு செட்டையும், ரேடியேட்டர் முதல் லீவர் வரை, ஒரே தடவையில் வாங்குங்கள். ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் விகிதத்தையும் கேளுங்கள். டிஸ்கவரியில் சாதாரண கியருக்கு 1.22, டிஃபென்டரில் 1.41. பாரம் ஏற்றும் ஜீப்புக்கு 1.41 தான் வேண்டும். கூலி, சாமான், முடிக்கும் திகதி மூன்றையும் எழுத்தில் எடுங்கள். முற்பணத்தை வேலையின் படிகளுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணையை, பாரம் ஏற்றி ஒரு மலை ஏறி இறங்கிப் பார்த்த பின்னர் கொடுங்கள். கழற்றிய மெனுவல் பெட்டியை விற்காமல் எண்ணெய் பூசி வீட்டில் வையுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுதி அறிவியுங்கள். பின்னொரு நாள் விற்க நேர்ந்தால் வாங்குபவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தையிலும் வெளியூர்களிலும் உதிரிப்பாகத் தொழில் செய்யும் நம்மவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இறக்கிய வாகனத்தைத் துண்டு துண்டாக விற்பதில் இன்றைக்கு இலாபம் கூடலாம். ஆனால் "இந்த ஜீப்புக்கு இந்தப் பெட்டி பொருந்தும், இதனுடன் இந்தப் பதினைந்து சாமானும் வேண்டும், எல்லாம் என்னிடம் ஒன்றாக இருக்கிறது" என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுக்கும் கடைக்காரரைத் தேடி வாடிக்கையாளர் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வருவார். எங்களிடம் அப்படி ஒருவர் அந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால் அவர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்திருப்போம். ஏனென்றால் அதை விட அதிகமாகப் பிறகு கொடுத்தோம்.

சாச்சா இப்போது மீண்டும் விடியற்காலையில் வயலுக்குப் போகிறார். பதினெட்டு வளைவில் லீவரை 2க்கு இழுத்துத்தான் இறங்குகிறார். ஜீப்புக்குப் போட்ட காசு திரும்பி வராது என்பது அவருக்கும் தெரியும். முதலீடு என்று நினைத்துச் செய்திருந்தால் அது நட்டம். தன் காலுக்கான செலவு என்று நினைத்தே அவர் செய்தார். அந்தக் கணக்கில் அவருக்கு நட்டமில்லை.