நிஜ அளவு எங்கே இருக்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. நான்கு சிஎன்சி லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாசலில் வாடிய எலுமிச்சையும் மிளகாயும். மறுநாள் தரச்சான்றிதழுக்கான ஆடிட். நான் உள்ளே போனபோது இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒருவர் மூன்று மாத அளவுப் பதிவேட்டை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருந்தார். 20.01, 20.02, 20.01, 20.00. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. “நடுவுல நடுவுல பேனாவ மாத்துங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆடிட் சுகமாக முடிந்தது, சான்றிதழும் வந்தது.

தொடர் தர மேம்பாடு என்று இன்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லித்தரும் சங்கதி பிறந்ததே இப்படிப்பட்ட எண்களிலிருந்துதான். 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூவார்ட், கட்டுப்பாட்டு வரைபடத்தை ஒரு சிறு குறிப்பில் வரைந்து மேலதிகாரியிடம் கொடுத்தார். எந்த எந்திரமும் எல்லா உருப்படியையும் ஒரே அளவில் வெட்டாது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இதில் எது இயல்பான ஊசலாட்டம், எது ஏதோ கெட்டுவிட்டதற்கான அறிகுறி என்று பிரித்துக் காட்டுவதே அந்த வரைபடத்தின் வேலை. ஊசலாட்டத்தை மறைத்துவிட்டால் அப்புறம் மேம்படுத்த என்ன இருக்கிறது?

ஷூவார்ட்டின் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் பாடம் நடத்தினார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் அங்கே பரிசு ஏற்படுத்தினார்கள். அவர் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு காட்டுவார். தொட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒன்று சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு பலகையைத் தொட்டியில் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நல்ல சரக்கு, சிவப்பு வந்தால் பழுது. குறைவாகச் சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குக் கண்டிப்பு, கடைசியில் வேலைநீக்கம். பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நெளிவார்கள். சிவப்பு மணியைத் தொட்டியில் கொட்டியது தொழிலாளி இல்லையே. சுவரில் ஒட்டும் வாசகங்களை எடுத்துவிடுங்கள், அச்சத்தை விரட்டுங்கள் என்று டெமிங் தம் 14 அம்சங்களில் சொன்னார். நம் ஆலைகள் பலவற்றில் அந்த 14 அம்சங்களையே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்!

அச்சத்தை விரட்டுவது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி, கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸின் அந்த ஆலை 1982இல் மூடப்பட்டது. ஆள் வராமை, மோதல், வேலைநிறுத்தம் என அதற்கு நல்ல பெயர் கிடையாது. லைன் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. பழுதோடு வந்த காரைக் கடைசியில் ஓரங்கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது சட்டம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தன. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். லைன் ஓரமாக ஒரு கயிறு கட்டினார்கள். குறை கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத்தலைவர் ஓடிவருவார். குறித்த இடத்துக்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்காது, சரியாகாவிட்டால் நிற்கும். ஓடிவந்தவர் கேட்கும் முதல் கேள்வி “யார் செய்தது?” என்பதல்ல, “என்ன உதவி வேண்டும்?” என்பது. சில காலத்திலேயே அந்த ஆலையின் கார்கள் தரத்தில் முன்வரிசைக்கு வந்தன.

இந்தக் கதையைக் கயிற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமானது பின்னால் வந்தது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்து ஆலை திறனுக்கு வெகு குறைவாக ஓடியபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியாக நின்றவர்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டு வேலையிலும் போட்டார்கள். “பத்துப் பேர் வேலையை எட்டுப் பேரே செய்யலாம்” என்று தொழிலாளி தானே வந்து சொல்வது, அந்த இரண்டு பேரில் தான் ஒருவன் ஆகிவிட மாட்டேன் என்று தெரிந்தால்தான். ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் வான் நைஸ் ஆலையில் கொண்டுவரப் பார்த்தது, எடுபடவில்லை. 1992இல் அந்த ஆலையையே மூடிவிட்டார்கள்.

சென்னைக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் முதல் முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டார், அடுத்த ஆண்டு ரானே பிரேக் லைனிங்ஸ் என்று பட்டியல் நீண்டது. வண்டித் தொழிலில் இத்தனை பரிசு வாங்கிய ஊர்கள் குறைவு. ஆனால், பரிசு பெரிய வாசல்களோடு நின்றுவிடுகிறது. நான்கு லேத் வைத்திருப்பவருக்கு வருவது வருடாவருடம் விலைக்குறைப்புக் கடிதமும், ஒரு பழுது போனாலும் பதில் கேட்கும் மின்னஞ்சலும்தான். அவர் தம் ஆட்களை எப்படி நடத்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது இன்னொரு கூத்து. ஏழு மாதத்தில் போகப்போகிறவர் எட்டாம் மாதத்தில் பலன் தரும் யோசனையை எதற்குச் சொல்வார்?

கயிறு பிறந்த வீட்டிலேயே அது அறுந்ததும் உண்டு. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023இல் வெளிவந்தது. விசாரணைக் குழு 64 மாடல்களில் 174 முறைகேடுகளைக் கண்டது. மிகப் பழையது 1989இல் நடந்தது. காரணமாகக் குழு சொன்னது, மூச்சுவிட முடியாத கால அட்டவணையையும், சிக்கலை மேலே சொல்ல முடியாத சூழலையும். லைனில் நிற்பவர் கையில் கயிறு இருந்தது. மோதல் சோதனை செய்த பொறியாளரின் மேசையில் அது இல்லை.

அம்பத்தூருக்குத் திரும்புகிறேன். ஆடிட் முடிந்த பிறகு ஒருநாள் மூன்றாவது லேத்தில் நின்ற பையனிடம், “நிஜ அளவு எங்கப்பா இருக்கு?” என்று கேட்டேன். சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று ஒரு பார்வை. பிறகு டிராயரைத் திறந்து, பழைய துணிக்கு அடியிலிருந்து கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களை எடுத்தான். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. ஒன்பது மணிக்கு 20.00. பதினொன்றுக்கு 20.02. சாப்பாட்டுக்குப் பிறகு 20.04. அங்கே ஒரு கோடு, மறுபடி 20.00. வெட்டும் முனை தேயத் தேய விட்டம் கூடுகிறது, 20.05ஐத் தாண்டினால் ரிஜெக்ட். தாண்டுவதற்கு முன் ஆஃப்செட்டைத் திருத்திக்கொள்கிறான். எப்போது திருத்த வேண்டும் என்பது அவனுக்கு அந்தத் தாள்களில் தெரிகிறது. ஷூவார்ட் பார்த்திருந்தால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

“இதையே ஆடிட்டர்கிட்ட காட்டியிருக்கலாமே?” என்றேன்.

“ஐயோ சார், இவ்ளோ ஏத்த இறக்கமான்னு கேப்பாங்க” என்று தாள்களை மடித்து, துணியை மேலே போட்டு, டிராயரை மூடினான்.