எழும்பூர் வரை சுமக்க வேண்டுமா?

பூந்தமல்லியிலிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை சுமார் இருபது கிலோமீட்டர். எட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறும் தாய்க்கு அது இருபது கிலோமீட்டர் அல்ல, ஒரு முழு நாள். அந்தப் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். கூடவே வலிப்பு, விழுங்குவதில் சிரமம், அடிக்கடி நெஞ்சுச்சளி. ஒரே உடம்புக்கு நாலு துறை, நாலு வரிசை. போகிற நாளெல்லாம் கூலி இல்லை.

எழும்பூரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது இல்லாவிட்டால் நம் பிள்ளைகளில் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இவர்களுக்குத் தேவை ஒரு நாள் வைத்தியம் அல்ல. வாராவாரம் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி வேண்டும். மூக்குக்குழாய் வழியே உணவு கொடுக்கவும் சளி உறிஞ்சி எடுக்கவும் தாய்க்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். பயிற்சி நின்றால் மூட்டுகள் இறுகும். இறுகிப்போன மூட்டுக்கு அப்புறம் அறுவை சிகிச்சைதான்.

நோயைக் கண்டறிய ஏற்பாடு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பிறவிக் குறையும் வளர்ச்சித் தாமதமும் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சீட்டு எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்ததா? அந்தச் சீட்டோடு தாய் எத்தனை முறை போய்வர முடிந்தது என்பதல்லவா கணக்கு?

இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்பார்கள். திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். ஊருக்குள் பேருந்து நிற்கும். காலனிக்கு அங்கிருந்து நடக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை, ஆவடியில் தெருக்கூட்டும் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு யார் தருகிறார்கள்? கூவம் கரையில் இருந்த குடும்பங்களைத் திருமழிசை பக்கம் கூடப்பாக்கத்தில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். எழும்பூர் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. வீடு கொடுத்தவர்கள் அந்த மருத்துவமனையைத் தூரமாக்கியதைக் கணக்கில் எழுதவில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இலவச மருத்துவ வசதி அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறங்களில், கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. 'அருகில்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. வாராவாரம் ஆட்டோவில் எழும்பூர் போய்வந்தால் அது எத்தனை நாள் வரும்?

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களின் பார்வை பெரும்பாலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகள் மீதும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் மீதும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பிள்ளைகளின் பெயர் ஏற வேண்டும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள், நான்கு துறையும் ஒரே இடத்தில், இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கலாம். காலனி அங்கன்வாடியின் ஓர் அறையில் ஒரு பாயும் ஒரு பயிற்சியாளரும் இருந்தாலே பாதிப் பயணம் குறையும்.

பணம்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தமிழக அரசு சட்டமே இயற்றிவிட்டது. அந்த நிதியில் சாலையும் சமுதாயக் கூடமும் வருகின்றன, வரட்டும். நடக்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சாலையில் ஒரு வண்டியும் வரட்டும்.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி எத்தனை பிள்ளைகள், யாரிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லை, யார் பயிற்சியைப் பாதியில் நிறுத்தினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊராட்சி என்றால் அடுத்த கிராமசபையில் அதைத் தீர்மானமாக வையுங்கள். மாநகராட்சிப் பகுதி என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.