பாக்குவெட்டியை எடைக்குப் போடலாமா?

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பழைய பாத்திரம் வாங்குகிறவர் குரல் கேட்டால், வீட்டுப் பெண்கள் பரணில் கை விடுவார்கள். ஓட்டைச் செம்பு வரும். நசுங்கிய குடம் வரும். கூடவே ஒரு பாக்குவெட்டியும் வந்து விழும்.

தராசில் அது கால் கிலோகூடத் தேறாது. பித்தளைக்கு உள்ள காசைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்து சேரும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பழம்பொருள் கடைகளுக்குப் பெயர் போன தெரு. பாக்குவெட்டி அங்கே போய்விட்டால், அப்புறம் அதற்குத் தராசு கிடையாது. கிளி உருவமா, குதிரை உருவமா, எத்தனை காலத்துப் பழசு என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். விற்ற வீட்டுக்கு அந்த விலையில் ஒரு பங்கும் இல்லை.

சீமையிலும் இப்படித்தான்

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. ஐரோப்பாவில் மதுப் புட்டியைத் தக்கை வைத்து அடைப்பார்கள். தக்கையைத் திருகி இழுக்க ஒரு கருவி உண்டு. 1795-ம் ஆண்டில் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதில் ஒரு வகைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு நூற்றுக்கணக்கில் புதுப் புது வகைகள் வந்தன.

இப்போது பல புட்டிகளுக்குத் திருகு மூடியே வந்துவிட்டது. பழைய திருகிகளையோ, ஆர்வக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். கருவிக்கு வேலை குறைந்தது, மதிப்பு கூடியது!

பாக்குவெட்டிக்கும் வேலை போய்விட்டது. ஒரு காலத்தில் வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு குறைவு. வந்தவருக்கு முதல் மரியாதை தாம்பூலம். கொட்டைப் பாக்கைக் காலும் அரையுமாக வெட்டுவதற்கு ஒரு கை வேண்டும். பல் போன தாத்தாவுக்குச் சின்ன உரலில் இடித்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பாக ஏதாவது வைக்க வேண்டும் என்பார்கள். அவசரத்துக்கு அகப்படுவது பாக்குவெட்டிதான். வங்காளத்தில் மாப்பிள்ளை கல்யாணத்தன்று பாக்குவெட்டியைக் கையிலேயே வைத்திருப்பார்.

பிறகு வெட்டிய சீவல் பொட்டலத்தில் வந்தது. நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957-ல் சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியது. நிலம் கொடுத்தவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். வேலைக்கு வந்தவர்கள் நகரியக் குடியிருப்பில் ஏறினார்கள். அந்த வீடுகளில் திண்ணை ஏது? திண்ணை போனதும் செல்லம் உட்காரவும் இடம் இல்லாமல் போயிற்று.

பாக்குப் போடுவது குறைந்ததற்கு வருத்தப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பாக்கே புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று 2004-ல் அறிவித்துவிட்டது. பழக்கம் போகட்டும். கொல்லனும் கன்னானும் செய்த வேலைப்பாடும் சேர்ந்து உலைக்குள் போக வேண்டுமா?

தேடி வாங்கியவர்கள்

போகக் கூடாது என்று நினைத்தவர் ஒருவர் புனாவில் இருந்தார். அவர் பெயர் தினகர் கேல்கர். அவருக்கு ராஜா என்று ஒரு மகன். ஏழு வயதில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். கேல்கர் விளக்கு, பூட்டு, பாத்திரம், பாக்குவெட்டி என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தார். மனைவி கமலாபாயும் துணை நின்றார். 1962-ல் மகன் பெயரிலேயே அருங்காட்சியகம் உண்டாயிற்று. 1975-ல் அத்தனையையும் மராட்டிய அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருக்கும் பாக்குவெட்டிகளைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் உண்டு.

இன்னொருவர் சாமுவேல் ஐலன்பெர்க். போலந்தில் பிறந்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பெரிய கணித மேதை. அவரும் பாக்குவெட்டிகளைச் சேர்த்தார். அவற்றைப் பற்றியே ஹென்றி பிரவுன்ரிக் என்பவர் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அது 1992-ல் வெளிவந்தது. படம் போட்ட புத்தகம் வந்தால் வியாபாரிக்கும் அதுதானே வழிகாட்டி!

சந்தையும் மாறிவிட்டது. சென்னையில் பழம்பொருள் தேடுகிறவர்கள் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-ல் அது தீயில் எரிந்துபோயிற்று. இப்போது செல்போனில் படம் பிடித்துப் போட்டால், அடுத்த நாட்டிலிருந்து விலை கேட்கிறார்கள்.

விலை வந்த இடத்துக்குப் போலியும் வரும். புதிதாக வார்த்து, புகையேற்றிக் கறுப்பாக்கி, "நூறு வருஷத்துப் பொருள்" என்று விற்கிறார்கள். அசலைக் கண்டுபிடிக்க அதன் அலகைப் பார்க்க வேண்டும். சாணை பிடித்துப் பிடித்து அது உள்வாங்கி இருக்கும். இரண்டு தண்டையும் சேர்க்கும் ஆணி தேய்ந்திருக்கும். கைப்பிடி வழுவழு என்று இருக்கும். அலங்காரத்துக்குச் செய்ததில் பாக்கு நறுக்கென்று வெட்டுப்படாது. பளபளப்பாக இருந்தால் கூடக் கிடைக்கும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிக்கிறவர்கள் விரும்புவது கைபட்டுக் கறுத்த நிறத்தைத்தான்.

சட்டமும் உண்டு. 1972-ம் ஆண்டு பழம்பொருள் சட்டப்படி, நூறு வயது ஆன இத்தகைய கைவேலைப் பொருள்களை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. படத்தைப் பார்த்துவிட்டுக் கப்பலில் அனுப்பச் சொல்கிறவர் கேட்கிறார் என்று அனுப்பிவிட்டால், மாட்டிக்கொள்வது அனுப்பியவர்தான்.

பணமுடை வந்தால் விற்கத்தான் வேண்டியிருக்கும். ஏழை வீட்டைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆனால் தராசில் வைக்கும் முன்பு இரண்டு கடையில் காட்டி விலை கேட்கலாம். பாட்டி உயிரோடு இருந்தால், அது யார் கொண்டு வந்தது, எந்த ஊரில் செய்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, பாக்குவெட்டியோடு சேர்த்துக் கட்டி வைக்கலாம். வேண்டாம் என்கிறவர்களிடம் வாங்கி வைக்க ஓர் இடமும் வேண்டும். கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்து வீட்டுச் சாமான்களுக்கென்று அங்கே ஓர் அலமாரி ஒதுக்கி, கொடுத்த வீட்டின் பெயரையும் ஊரையும் பக்கத்தில் எழுதி வைத்தால், கொடுக்க ஆள் வராமல் போகமாட்டார்கள்.