பதுக்கைக்குப் பொருள் சொல்பவர்கள்

செஞ்சிப் பக்கம் வரும் இலக்கிய நண்பர்கள் தவறாமல் பனமலைக்குப் போகிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில். அதன் சிற்றாலயச் சுவரில் எஞ்சியிருக்கும் உமையின் ஓவியம். பார்த்து உருகிக் கட்டுரை எழுதுகிறார்கள். நானும் எழுதியவன்தான். இதே செஞ்சி வட்டாரத்தில் உடையாநத்தம் இருக்கிறது. அங்கே ஈமச்சின்னங்களுக்கு நடுவே, மனித உருவமாகச் செதுக்கிய பெரும் பலகைக்கல் ஒன்று நிற்கிறது. ஊரார் விசிறிப்பாறை என்கிறார்கள். பல்லவனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருக்கிறோம்?

எழுதுகிற சிலரும் 'புதிய கற்காலக் கல்லறை' என்று எழுதிவிடுகிறார்கள். புதிய கற்காலத்தின் அடையாளம் தீட்டி மெருகேற்றிய கற்கோடரி. 1964 முதல் 1968 வரை அகழப்பட்ட பையம்பள்ளியில் அந்த மக்களின் வாழ்விடத்தைக் காணலாம். தமிழகத்தின் கற்குவைகளும் கல்வட்டங்களும் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. மதுராந்தகம் அருகே சானூரில் 1950, 1952 ஆண்டுகளில் அகழ்ந்தபோது இரும்புக் கருவிகளும் கறுப்பு-சிவப்புப் பானைகளும் கிடைத்தன. மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். சிவகளைக்குக் கி.மு. 3345 என்கிறது 2025இல் வெளியான அரசு அறிக்கை. இரும்புக் காலத்தின் தொடக்கம் இப்படிப் பின்னோக்கி நகரலாம். ஆனால் இரும்பு வாளோடு புதைக்கப்பட்டவனைப் புதிய கற்காலத்தான் என்று சொல்ல அது இடம் தராது.

இதெல்லாம் தொல்லியலாரின் வேலை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் கோபம் அவர்கள்மீதுதான். அகநானூற்றிலும் புறநானூற்றிலும் வருகிற 'பதுக்கை'க்கு வகுப்பில் 'கற்குவியல்' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போகிறோம். பிணத்தைச் சுடுவது முதல் தாழியில் கவிப்பது வரை மணிமேகலை அடுக்கும் ஐவகை முறைகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். ஆனால் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு கல்வட்டத்தின் முன் நிறுத்துவதில்லை.

பாட்டில் வரும் பதுக்கையும் தொல்லியலார் சொல்லும் கற்குவையும் ஒன்றல்ல என்று மறுப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆறலை கள்வரின் அம்பில் வீழ்ந்த வழிப்போக்கர்மேல் கல்லையும் தழையையும் இட்டு மூடுவது வேறு. அறை அமைத்து, பானை படைத்து, சுற்றிலும் கல் நட்டு எழுப்புவது வேறு. ஒப்புக்கொள்கிறேன். அந்த வேறுபாட்டையும் நேரில் பார்க்காமல் எப்படி உணர்த்துவது?

வட மாவட்டங்களில் இவற்றைப் பாண்டவர் குழி என்றும் வாலியர் வீடு என்றும் சொல்வார்கள். படித்த நாம் அதை மூடநம்பிக்கை என்று சிரித்தோம். கல்லை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற அச்சந்தான் இத்தனை காலம் அவற்றைக் காத்தது என்பது என் எண்ணம். அச்சத்தைப் போக்கிய நாம் அதன் இடத்தில் அறிவை வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் பொக்லைன் வந்து நிற்கிறது. வட்டக்கல் வரப்புக்கும் வேலிக்கும் போகிறது, மிச்சம் ஜல்லி.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கே முழுக் காவல் தருகின்றன. அறிவிக்கப்படாத கற்குவை, அரசுக் கணக்கில் வெறும் தரிசு. அதைச் சொல்லி அறிவிக்கச் செய்ய யாராவது வேண்டும்.

அந்த யாராவது நாமாக இருக்கக் கூடாதா? ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இத்தகைய இடங்களைத் தேடட்டும். புல எண், ஒளிப்படம், வட்டத்தின் விட்டம், ஊரார் வழங்கும் பெயர், சொல்லும் கதை எல்லாவற்றையும் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதட்டும். கிராம சபையில் ஒரு தீர்மானம் கேட்கட்டும். பெரிய செலவில்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

இதைக்கூடச் செய்யாமல் பதுக்கைக்குப் பொருள் சொல்லிக்கொண்டே இருந்தால், நாளை ஒரு மாணவன் "எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்கும்போது கல்லுடைக்கும் ஆலையைத்தான் நாம் காட்ட வேண்டியிருக்கும்.